கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் – 9: கடல் கடந்து வந்த கல்யாணங்கள்

1886இல் கிள்ளான் ஆற்றங்கரையையும் கோலாலம்பூரையும் இணைத்த ரயில் பாதையைச் சென்ற இதழில் பார்த்தோம். அந்தப் பாதையைப் போட்டவர்கள், வண்டியை ஓட்டியவர்கள், நிலையத்தில் கணக்கு எழுதியவர்கள், மேலிருந்து ஆணையிட்டவர்கள் என எல்லாத் தரப்பிலும் கடல் தாண்டி வந்தவர்களே நிறைந்திருந்தார்கள். வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தனி ஆண்கள். அவர்கள் எப்படி மணம் முடித்தார்கள், மனைவிமார் எப்போது வந்தார்கள், எந்தச் சபையில் யாரோடு கூடினார்கள் என்பதே இந்த இதழின் பொருள். இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. பிழைக்க வந்த ஆண்களின் முகாமாக இருந்த ஓரிடம் குடியிருக்கும் ஊராக மாறியதைச் சொல்லும் கதை இது.

1907இல் கோலாலம்பூர் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில் ஒரு திருமணம் நடந்தது. மணமகன் வில்லியம் புரௌட்லாக், விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளியின் ஆசிரியர். மணமகள் எத்தல். 1890களின் நடுவில் நகரத் திடலின் ஓரத்தில் எழுந்த அந்தத் தேவாலயம் வெள்ளையர் சமூகத்தின் கண். அங்கே மணம் முடித்து, எதிரே செலாங்கூர் கிளப்பில் நண்பர்களைக் கண்டு, கப்பலேறி இங்கிலாந்து போய்த் திரும்புவது அன்றைய ஐரோப்பியருக்கு வாய்க்கக்கூடிய உயர்ந்த வாழ்வு. நான்கு ஆண்டுகள் கழித்து, 1911 ஏப்ரல் 23 அன்று இரவு, கணவன் வெளியே விருந்துக்குப் போயிருந்தபோது, பள்ளி வளாகத்து பங்களாவுக்கு வந்த வில்லியம் ஸ்டூவர்ட் என்பவரை எத்தல் சுட்டுக் கொன்றார். மானத்தைக் காத்துக்கொள்ளச் சுட்டதாக வாதாடினார். நீதிமன்றம் நம்பவில்லை, மரண தண்டனை விதித்தது. பிறகு செலாங்கூர் சுல்தானின் மன்னிப்பு கிடைத்து அவர் நாட்டை விட்டுப் போனார். சாமர்செட் மாம் எழுதிய 'தி லெட்டர்' என்ற கதைக்கும் நாடகத்துக்கும் இந்த வழக்கே அடிப்படை.

உலகம் இந்த வழக்கைக் கொலைக் கதையாகவே நினைவில் வைத்திருக்கிறது. அதன் பின்னணியில் இருந்த சமூகத்தைப் பார்ப்பதுதான் நம் வேலை. சில நூறு வெள்ளையர், அவர்களில் பெண்கள் மிகச் சிலர், எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஒரு கிளப், அந்த வட்டத்துக்கு வெளியே யாரோடும் சரிசமமாகப் பழகாத வாழ்க்கை. அந்தச் சிறிய வட்டத்துக்குள்ளும் கல்யாணம் எளிதில் கைகூடவில்லை.

துரைமாருக்கு இருந்த தடை

தோட்டத்துக்கு வரும் சின்ன துரையும் வணிக நிறுவனத்தில் சேரும் இளைய உதவியாளரும் முதல் ஒப்பந்தக் காலம் முடியும்வரை மணம் முடிக்கக் கூடாது என்பது மலாயாவில் பரவலாக இருந்த விதி. பிறகு மணம் முடிக்கவும் நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அனுமதி சம்பளத்தைப் பொறுத்தது. வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று பங்களா, சமையற்காரர், ஆயா, தோட்டக்காரர், மலைவாசத்துக்குப் போகும் செலவு என 'தகுதியோடு' வாழவேண்டும். வறிய வெள்ளையர் ஒருவர் உள்ளூர் மக்கள் கண்ணில் படவே கூடாது. ஆட்சியின் மதிப்பு அதில்தான் நிற்கிறது என்று அவர்கள் நம்பினார்கள்.

இதே விதி சீனத்துத் துறைமுக நகரங்களிலும் நடைமுறையில் இருந்தது. ஷாங்காயிலும் ஹாங்காங்கிலும் வங்கிகளும் வணிக நிறுவனங்களும் தங்கள் இளைய அலுவலரைப் பல ஆண்டுகள் பிரம்மச்சாரிகளாகவே வைத்திருந்தன. ஹாங்காங் அண்டு ஷாங்காய் வங்கி இதில் பேர்போனது. அந்த வங்கி 1910இல் கோலாலம்பூரிலும் கிளை திறந்தது. ஷாங்காயின் 'பண்ட்' எனும் ஆற்றங்கரையில் நடந்த வாழ்க்கைக்கும் கோலாலம்பூர்த் திடலோரத்து வாழ்க்கைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. குதிரைப் பந்தயம், கிரிக்கெட், கிளப் மதுக்கூடம், ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை தாய்நாட்டு விடுப்பு, அந்த விடுப்பில் அவசரமாகப் பெண் தேடல், பிறகு கப்பலில் தனியே வந்து இறங்கும் மணமகள் என்று இரண்டு இடங்களிலும் வாழ்க்கை ஒரே வழியில் ஓடியது.

செலாங்கூர் கிளப் 1884இல் தொடங்கியது. தொடக்க கால உறுப்பினர்களில் நம்முடைய கே. தம்புசாமிப் பிள்ளையும் ஒருவர். கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலையும் பத்துமலைக் கோயிலையும் நிறுவிய அதே தம்புசாமிப் பிள்ளை. நகரம் வளர வளர, வெள்ளையரின் எண்ணிக்கையும் பெண்களின் வருகையும் கூடக் கூட, சமூகக் கதவுகள் இறுகின. 1890இல் உயர் அதிகாரிகள் லேக் கிளப்பை அமைத்துக்கொண்டு விலகினார்கள். 1904இல் மலாய் ஐக்கிய மாநிலங்களின் உயர் ஆட்சிப் பணி ஐரோப்பிய வம்சாவளியினருக்கு மட்டும் என்று ஆனது. ஒவ்வோர் இனமும் தனக்கென்று ஒரு மன்றம் அமைத்துக்கொண்டது. மலாய்க்காரருக்கு 1909இல் சுல்தான் சுலைமான் கிளப் வந்தது. சீனருக்கும் யூரேசியருக்கும் தனித்தனி மன்றங்கள் எழுந்தன.

மணம் முடிக்கத் தடை இருந்தால் ஆண்கள் துறவிகளாக இருந்தார்கள் என்று பொருளில்லை. மலாய், சயாமிய, சீன, ஜப்பானிய, தமிழ்ப் பெண்களோடு ஊரறியாமலும் ஊரறியவும் அவர்கள் குடித்தனம் நடத்தினார்கள். 1909இல் லண்டனில் குடியேற்ற நாட்டு அமைச்சராக இருந்த குரூ பிரபு, அரசு அதிகாரிகள் இப்படி வாழக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்ப வேண்டி வந்தது. அது அதிகாரிகளைத்தான் கட்டுப்படுத்தியது. தோட்டத்துத் துரைகளை அது தொடவில்லை. அங்கே அந்தப் பெண்களுக்கும் அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கும் எந்த உரிமையும் இருந்ததில்லை. இந்தத் தொடரில் பின்னால் வரும் ஒரு பெரும் போராட்டத்துக்கு இங்கேயும் ஒரு வேர் இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸில் குடிவந்தவர்கள்

இனி நம்மவர்களிடம் வருவோம். 1891இல் சார்லஸ் எட்வின் ஸ்பூனர் என்ற பொறியாளர் இலங்கையிலிருந்து செலாங்கூருக்கு அரசுப் பொறியாளராக வந்தார். பிறகு 1901இல் மலாய் ஐக்கிய மாநில ரயில்வேயின் தலைவரானார். இலங்கையில் தம்மோடு வேலைபார்த்த யாழ்ப்பாணத் தமிழரின் திறமை அவருக்குத் தெரியும். மலாயாவில் ஆங்கிலம் படித்தவர்கள் அன்று கிடைக்கவில்லை. விக்டோரியா இன்ஸ்டிடியூஷனே 1893இல்தான் நிறுவப்பட்டது. யாழ்ப்பாணத்திலோ 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கிய நாளிலிருந்து அமெரிக்க மிஷன் பள்ளிகள் மூன்று தலைமுறையை ஆங்கிலத்தில் படிக்க வைத்திருந்தன. ஊரில் காணி குறைவு, வேலை குறைவு, படித்த பிள்ளைகள் மட்டும் மிகுதி. ஆகவே அண்ணன் தம்பியை அழைத்தான், மாமன் மருமகனை அழைத்தான். நிலைய அதிபர், எழுத்தர், நில அளவையாளர், மருத்துவமனை உதவியாளர் என்று அரசு அலுவலகங்களின் நடு அடுக்கு முழுதும் யாழ்ப்பாணத்தாரால் நிறைந்தது.

இவர்கள் குடியிருந்த இடம் பிரிக்பீல்ட்ஸ். கோலாலம்பூரை மரத்திலும் அத்தாப்பிலும் கட்டக்கூடாது, செங்கல்லில் கட்டவேண்டும் என்று 1880களில் செலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் சுவெட்டன்ஹாம் ஆணையிட்டபோது செங்கல் சூளைகள் எழுந்த பகுதி. சூளைகள் போனபின் ரயில்வே வந்தது. ரயில்வேயும் அரசும் தங்கள் ஊழியருக்கு வரிசை வரிசையாகக் கட்டிய குடியிருப்புகளில் 'நூறு குவாட்டர்ஸ்' பேர்பெற்றது. ரொசாரியோ தெருவிலும் சான் ஆ தோங் தெருவிலும் இருந்த அந்த வீடுகள் நூறாண்டளவு நின்று, நம் காலத்தில் இடிக்கப்பட்டன.

யாழ்ப்பாணத்து இளைஞன் ஒருவன் முதலில் தனியாக வருவான். நண்பர்களோடு ஒரே வீட்டில் கூட்டுச் சமையல். சம்பளத்தில் ஒரு பங்கு ஊருக்குப் போகும்: தங்கைமாரின் சீதனத்துக்கு, தம்பியின் படிப்புக்கு, ஈட்டிலிருக்கும் காணியை மீட்க. தங்கைமார் கரையேறிய பிறகுதான் தன் கல்யாணம். சில ஆண்டுகள் கழித்து நீண்ட விடுப்பு கிடைத்ததும் ஊருக்குப் புறப்படுவான். அதற்குள் பெற்றோர் சாதகம் பார்த்துப் பொருத்தம் முடித்திருப்பார்கள். பெண்ணை அவன் பார்த்திருக்கவும் மாட்டான். பொன்னுருக்கு, கன்னிக்கால், தாலிகட்டு எல்லாம் விடுப்புக்குள் நடந்து முடியவேண்டும்.

மலாயா உத்தியோகத்தனுக்கு யாழ்ப்பாணத்தில் நல்ல மதிப்பு இருந்தது. மாதம் தவறாத சம்பளம், ஓய்வுக்குப் பின் பென்சன். அதனால் அவனுக்குக் கேட்கும் சீதனமும் ஏறியது. இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்த தேசவழமைச் சட்டத்தின்படி சீதனக் காணி பெண்ணுடைய சொத்து. கணவனுடைய சொத்து ஆகாது. விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் இசைவு வேண்டும் என்றாலும் உரிமை அவளுடையதே. பிரிக்பீல்ட்ஸின் இரண்டு அறை அரசாங்க வீட்டில் அடுப்பு ஊதிக்கொண்டிருந்த பெண்ணின் பெயரில் சாவகச்சேரியிலோ சுன்னாகத்திலோ ஒரு துண்டுக் காணி இருந்தது. வேலை போனாலும் கணவன் மறைந்தாலும் போய்ச் சேர ஓர் இடம் உண்டு என்ற நம்பிக்கையை அந்தக் காணி கொடுத்தது. யாழ்ப்பாணத்தார் மலாயாவில் நெடுங்காலம் 'போய்விடுவோம்' என்ற நினைப்போடே வாழ்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மணமகள் வரும் வழி வரவர எளிதானது. மலாயாவில் பிறை முதல் சிரம்பான் வரை மேற்குக் கரைப் பாதை 1903இல் ஒன்று சேர்ந்தது. யாழ்ப்பாணத்தில் காங்கேசன்துறைக்கும் கொழும்புக்கும் இடையே ரயில் 1905இல் முழுதாக இணைந்தது. காங்கேசன்துறையில் ஏறிய பெண் கொழும்பில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, மறுபடி ரயிலேறி கோலாலம்பூருக்கு வந்துவிடலாம். நிலையத்தில் இறங்கும்போது எதிரே நிற்கும் நிலைய அதிபரும் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தாராகவே இருப்பார். புதுக் குடித்தனத்துக்கு வேண்டிய சட்டி பானை வாங்கித் தருவதும் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒப்படைப்பதும் அங்கிருந்த யாழ்ப்பாணத்தாரின் பொறுப்பு.

பெண்கள் வந்த பிறகுதான் பிரிக்பீல்ட்ஸ் ஊரானது. 1904இல் விவேகானந்த ஆசிரமம் தொடங்கியது. வாசகசாலையாகவும் கூட்ட மண்டபமாகவும் இருந்து பின்னர் தமிழ்ப் பள்ளியும் நடத்தியது. ஸ்காட் ரோட்டில் நல்லூர் நினைவோடு கந்தசுவாமி கோயில் எழுந்தது. இலங்கைச் சைவர்கள் கூடி நடத்தும் அந்தக் கோயிலில் யாழ்ப்பாண முறைப்படி பூசை, கந்தசஷ்டி, திருவிழா. கிறிஸ்தவத் தமிழருக்கு மெதடிஸ்ட் சபையும் 1905இல் வந்த ஒய்.எம்.சி.ஏ.யும் இருந்தன. 1914இல் தமிழர் உடற்பயிற்சிச் சங்கம், அதாவது டி.பி.சி.ஏ., தொடங்கியது. வெள்ளையர் கிளப்பில் இடமில்லாத தமிழ் எழுத்தர்கள் மாலையில் இங்கே ஹாக்கியும் கிரிக்கெட்டும் கால்பந்தும் ஆடினார்கள். பின்னாளில் செலாங்கூர் அணிக்கும் மலாயா அணிக்கும் ஆடிய தமிழ் வீரர்கள் இப்படிப்பட்ட சங்கங்களில் உருவானவர்கள்.

பெண் பிள்ளைகள் வளர்ந்தபோது கேள்வி மாறியது. 1890களிலேயே மெதடிஸ்ட் மிஷன் கோலாலம்பூரில் பெண்கள் பள்ளி திறந்திருந்தது. அங்கே ஆங்கிலம் படித்த மகள் ஆசிரியை ஆனாள், தாதி ஆனாள். அவளுக்கு மாப்பிள்ளையை யாழ்ப்பாணத்தில் தேடுவதா, ஈப்போவிலும் சிரம்பானிலும் தேடுவதா? 1930களில் உலகப் பொருளாதாரச் சரிவு வந்து அரசு ஆட்குறைப்புச் செய்தபோது பல குடும்பங்கள் ஊர் திரும்பின. நிலைத்தவர்கள் இங்கேயே சம்பந்தம் செய்யத் தொடங்கினார்கள். ஸ்காட் ரோட்டுக் கோயிலில் தாலிகட்டு, மலாயாவிலேயே பிறந்த மணமகனும் மணமகளும். ஒரு தலைமுறைக்குள் நடந்த இந்த மாற்றம் பெரிது. அதேவேளை சாதியும் ஊர்ப்பெயரும் கப்பலேறிக் கூடவே வந்திருந்தன. யாழ்ப்பாணத்தார் யாழ்ப்பாணத்தாருக்குள்ளேயே, அதிலும் தம் பகுதிக்குள்ளேயே சம்பந்தம் தேடினார்கள். அதே பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதையில் கல் சுமந்த தமிழ்நாட்டுத் தொழிலாளியின் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர்கள் போனது அரிது. இதையும் நாம் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

லயத்துக் கல்யாணம்

இப்போது ரயிலில் மேற்கே போவோம். கிள்ளானைச் சுற்றி, கேரித் தீவு வரை விரிந்திருந்த ரப்பர்த் தோட்டங்களில்தான் தமிழரில் பெருந்தொகையினர் இருந்தார்கள். நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் தங்கி, கப்பலேறி, போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கித் தொற்றுத்தடை முகாமில் நாள்கழித்து, பிறகு தோட்டத்துக்குப் போனவர்கள். 1910இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தது. கங்காணிகள் வழியே ஆள்சேர்க்கும் முறை ஓங்கியது.

ஒப்பந்தக் காலத்தில் முதலாளிகளுக்குத் தனி ஆண்களே வேண்டியிருந்தது. பிள்ளை குட்டிக்குச் சோறு போடவேண்டாம், வீடும் வேண்டாம். 1911 குடிமதிப்பில் மலாயா இந்தியரில் ஆயிரம் ஆண்களுக்குச் சுமார் முந்நூறு பெண்களே இருந்தார்கள். 1931இலும் அது ஐந்நூறை எட்டவில்லை. தோட்டங்கள் நிரந்தர உழைப்பாளரை விரும்பத் தொடங்கியபோது கங்காணிகள் குடும்பங்களை அழைத்து வந்தார்கள். பெண்ணுக்கும் வேலை உண்டு. ஆனால் கூலி குறைவு. 1920களின் இறுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்பது அரசு நிர்ணயித்த கணக்கு. விடியுமுன் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், பால் மரம் வெட்டி, பால் சேர்த்து, திரும்பி வந்து சமைப்பது அவள் அன்றாடம்.

தனியாகப் புறப்பட்ட பெண்ணுக்கு முகாமில் சிக்கல் உண்டு. தனிப் பெண்ணை அனுப்ப அதிகாரிகள் தயங்கினார்கள். கணவனோடு வருபவளுக்குக் கேள்வி குறைவு. ஆகவே முகாமிலேயே ஓர் ஆணும் பெண்ணும் கணவன் மனைவி என்று எழுதிக்கொண்டு கப்பலேறியது உண்டு. பஞ்சத்திலிருந்தும் விதவைக் கோலத்திலிருந்தும் சாதிக் கொடுமையிலிருந்தும் தப்ப அது ஒரு வாசல். அப்படிச் சேர்ந்தவர்கள் சிலர் இறுதிவரை ஒன்றாக வாழ்ந்தார்கள், சிலர் இறங்கியதும் பிரிந்தார்கள். அவர்களை ஒழுக்கம் கெட்டவர்கள் என்று துரைமார் அறிக்கைகளில் எழுதினார்கள். ஆயிரத்துக்கு முந்நூறு என்ற கணக்கை உண்டாக்கியவர்கள் யார் என்பதை அந்த அறிக்கைகள் கேட்டதில்லை.

லயம் எனப்பட்ட வரிசை வீட்டின் அறையில் தனிமறைவு என்பதே இல்லை. தம்பதியர் இருக்கும் அறையில் தனி ஆட்களையும் சேர்த்து வைத்த தோட்டங்கள் இருந்தன. ஒருத்தி ஒருவனை விட்டு இன்னொருவனோடு போனால் சண்டை, சில நேரம் கொலை, பிறகு நீதிமன்றம். பிறன் மனைவியை மயக்கி அழைத்துப் போவது இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பின்பற்றி இங்கேயும் குற்றமாக இருந்தது. ஆனால் மணம் நடந்ததற்குப் பதிவு எங்கே? தோட்டத்து மாரியம்மன் முன்னால் கட்டிய மஞ்சள் கயிறும் பார்த்திருந்த சனமும்தான் சாட்சி. தேவாலயத்தில் மணம் முடித்த துரையின் பெயர் பதிவேட்டில் ஏறியது. யாழ்ப்பாணத்து மணமகளின் பெயர் சீதன உறுதியில் ஏறியது. தோட்டத்து மணமகளின் பெயர் கூலிக் கணக்கைத் தவிர எதிலும் ஏறவில்லை.

இத்தனைக்கு நடுவிலும் லயத்துக் கல்யாணம் தோட்டத்துக்கே பண்டிகை. இரண்டு மரக்கம்பம் நட்டு, தென்னோலையும் வாழையும் கட்டிப் பந்தல் போடுவார்கள். தாய்மாமன் இல்லாத இடத்தில் ஒரே கப்பலில் வந்தவன் மாமன் ஆனான். கப்பல் உறவு இரத்த உறவுக்கு நிகராக நின்றது. மொய் எழுதினார்கள். தவிலும் நாயனமும் கிடைத்தால் உண்டு, கிடைக்காவிட்டால் தப்பு உண்டு. பெரிய துரை வந்து நின்று மணமக்களைப் பார்த்துவிட்டுப் போவதும் உண்டு. ஆனால் கல்யாணத்துக்கு அடுத்த தோட்டத்து அண்ணன் வரவேண்டும் என்றால் தோட்டத்து எல்லைக்குள் நுழையத் துரையின் அனுமதி வேண்டும். தோட்டம் தனியார் நிலம். வெளியாள் நுழைந்தால் அத்துமீறல். அண்ணனும் வெளியாள்தான்.

1923இல் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என்றது. குடும்பங்கள் வேரூன்றிவிட்டன என்பதற்கு ஆட்சியே தந்த ஒப்புதல் அது. 1929 இறுதியில் பெரியார் மலாயா வந்தார். அவர் வருகைக்குப் பின் புரோகிதர் இல்லாத சீர்திருத்தக் கல்யாணங்களும், சாதி பார்க்காத இணைப்புகளும் இங்கே பேச்சாயின. 1936 இறுதியில் இந்திய அரசின் பேராளராக வி.எஸ். சீனிவாச சாஸ்திரி வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்து, கங்காணி வழியாக ஆள்சேர்ப்பதை நிறுத்தச் சொன்னார். 1938இல் இந்திய அரசு, உதவிபெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தையே தடுத்தது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் கொதித்தெழுந்தன. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் தலைமையில் தொழிலாளர் வைத்த கோரிக்கைகளைக் கூலி உயர்வுப் போராட்டம் என்று மட்டும் படிப்பது போதாது. ஐரோப்பியரும், துரைகளைப் போல நடந்துகொண்ட ஆசிய ஊழியரும் தொழிலாளரின் வீட்டுப் பெண்களிடம் அத்துமீறுவது நிற்கவேண்டும் என்றார்கள். உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்குள் வர வேண்டும் என்றார்கள். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், கள்ளுக்கடையை மூடவேண்டும், துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற அவமானம் ஒழியவேண்டும் என்றார்கள். மனைவியின் மானமும் அண்ணன் வருகையும் பிள்ளையின் படிப்பும் அந்தப் பட்டியலில் இருப்பதைப் பாருங்கள். குடும்பமாகிவிட்ட மனிதன்தான் இப்படிக் கேட்பான். மே மாதத்தில் நாதனைக் கைது செய்து நாடுகடத்தினார்கள். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிரிழந்தார்கள்.

போருக்குப் பின்

அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்தார்கள். 1942 ஜனவரியில் கோலாலம்பூர் வீழ்ந்தது. துரைமாரும் அவர்கள் மனைவிமாரும் சிறை முகாம்களில். தோட்டத்து ஆண்களைச் சயாம் மரண ரயில்பாதைக்கு இழுத்துப் போனார்கள். மலாயாத் தமிழரில் பல்லாயிரவர் அங்கே மாண்டார்கள். ஜப்பானிய வீரர்களுக்கு அஞ்சி வயதுக்கு வராத பெண்களுக்கும் அவசரக் கல்யாணம் செய்துவைத்த குடும்பங்கள் ஏராளம். விதவைகளாகவும் அனாதைகளாகவும் தனித்து நின்ற பெண்களைப் பற்றி இன்னும் போதுமான அளவு எழுதப்படவில்லை.

வேறு வழியை எடுத்த பெண்களும் இருந்தார்கள். கோலாலம்பூரில் பிறந்த ஜானகி தேவர் பதின்ம வயதில் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து அதன் முன்னணி அதிகாரிகளில் ஒருவரானார். போருக்குப் பின் ஆதி நாகப்பனை மணந்து, பொது வாழ்விலும் நீண்டகாலம் பணியாற்றினார். அதே படையில் இருந்த யாழ்ப்பாண வம்சாவளியினரான ராசம்மா பூபாலன் பின்னர் பெண் ஆசிரியைகளுக்குச் சம சம்பளம் கேட்டுப் போராடினார், கோலாலம்பூரில் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளித் தலைமை ஆசிரியையும் ஆனார். 1963இல் அமைந்த தேசியப் பெண்கள் அமைப்புகளின் மன்றத்தில் அவர் பங்கு பெரிது. பெண்கள் அமைப்புகள் கேட்டவற்றில் முக்கியமானது திருமணச் சட்டம்.

ஏன்? நாடு விடுதலை பெற்ற பிறகும் இந்து முறைப்படி நடந்த மணத்துக்குப் பதிவு கட்டாயமில்லை. ஒருவன் இரண்டாவது, மூன்றாவது மணமும் செய்யலாம். கைவிடப்பட்டவள் வழக்கு மன்றத்தில் தன் மணத்தை மெய்ப்பிக்கப் படாத பாடு பட்டாள். 1976இல் நிறைவேறிய திருமணம் மற்றும் மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் முஸ்லிம் அல்லாதவருக்குப் பொதுவாக ஒருவனுக்கு ஒருத்தி, பதிவு கட்டாயம். தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டிக்கொண்ட பெண்ணின் பெயர் அரசின் ஏட்டில் ஏறுவதற்கு முதல் கப்பல் வந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

துரைக்குச் சம்பள வரம்பு, எழுத்தனுக்கு விடுப்பும் சீதனமும், கூலிக்கு முகாமும் வேலியும். மூவரின் கல்யாணத்தையும் ஒரே ஆட்சிதான் தன் வசதிக்கு வளைத்தது. ஆனால் மூவரும் பட்டது ஒன்றல்ல. துரை காத்திருந்தால் போதும். பிறகு எல்லாம் கிடைத்தது. எழுத்தன் தன் ஊரை நம்பிச் சமாளித்தான். தோட்டத்துப் பெண்ணும் ஆணும் ஒன்றுமில்லாத இடத்தில் உறவைப் புதிதாக உண்டாக்கிக்கொண்டார்கள். இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ்ச் சமூகம் நிற்பது அவர்கள் உண்டாக்கிய குடும்பங்களின் மேல்தான். நம் வரலாற்றில் கோயில் கட்டியவர்களுக்கும் சங்கம் வைத்தவர்களுக்கும் பெயர் இருக்கிறது. கப்பலிறங்கி வந்து குடும்பம் அமைத்த பெண்களுக்கும் அதே இடத்தைக் கொடுக்கவேண்டும்.

அதற்கு வாசகர்கள் உதவவேண்டும். அரசாங்க ஏட்டில் இல்லாதது உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. 1982க்கு முந்திய கல்யாணப் பத்திரிகை, மொய் ஏடு, ஸ்டூடியோவில் எடுத்த மணமக்கள் படம், பாட்டியின் கப்பல் சீட்டு, தோட்டத்துக் கோயில் வரவுசெலவுக் கணக்கு எதுவானாலும் தூக்கி எறியாதீர்கள். தோட்டங்கள் வீட்டுமனைகளாகி, லயங்கள் இடிந்து, சாமான்கள் குப்பைக்குப் போகும் காலம் இது. படத்தின் பின்னால் பெயர், ஊர், தோட்டம், ஆண்டு எழுதி வையுங்கள். வீட்டில் முதியவர் இருந்தால் அவர் கல்யாணம் எங்கே நடந்தது, யார் வந்தார்கள் என்று இந்த வாரமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த இதழில்: 1941 கிள்ளான் வேலைநிறுத்தமும் ஆர்.எச். நாதனும்.